மின்கம்பியும் சிக்கனமும்

அம்பத்தூர், ஆவடி வழியே விரையும் மின்ரயிலின் மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்ரயிலுக்கோ 1,500 வோல்ட்டே அளிக்கப்பட்டது; பின்னர் அப்பாதையும் 25,000-க்கு மாற்றப்பட்டது. இவ்வுயர்வை ஆடம்பரம் எனக் கருதுதல் தவறு. இது சிக்கனமே ஆகும்.

அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கத் திறன் கிடைக்கும். 15 இலட்சம் வாட் பெற, முன்னதில் 1,000 ஆம்பியர் தேவை. பின்னதில் ஏறத்தாழ 60 போதும். கம்பியில் வெப்பமாய் வீணாகும் திறனோ ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வருவது. தடை மாறாதிருப்பின், அவ்விழப்பு ஏறத்தாழ 278-இல் ஒரு பங்காகச் சுருங்கும்.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை என மாணவர் எளிதில் ஒப்பிப்பர். ஆனால், 25,000-ஐ 60-ஆல் வகுத்து, அதுவே கம்பியின் தடை என்பாரும் உளர்! அது வண்டியையும் உள்ளடக்கிய சுற்று முழுமைக்கும் உரிய எண். கம்பியின் தடையைக் காணக் கம்பியில் மட்டும் குறையும் அழுத்தத்தையே கொள்ளல் வேண்டும்.