கருப்பு சாக்லேட்டும் கர்ப்பிணி மருமகளும்

என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான் இருந்தது. முருங்கைக்கீரை, பேரீச்சை என்று நான் பின்னாலேயே அலைந்தால், "வேணாம் அத்தை, குமட்டுது" என்று ஓடி விடுவாள். அந்த நேரம் பார்த்து, கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகள் ஊருக்கு வந்தாள். பத்து பெரிய டார்க் சாக்லேட்டைக் கையில் கொடுத்து, "இதுல இரும்புச்சத்து நிறைய, அக்காவுக்கு தினமும் குடுங்க அத்தை" என்றாள். நானும் ராத்திரி சாப்பாடு ஆனதும் மருந்து மாதிரி கொடுத்து வந்தேன்.

போன மாதம் அவளே போன் செய்து, "அதை தினமும் குடுக்காதீங்க அத்தை" என்கிறாள்! அங்கே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2022-ல் 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்திருக்கிறது. அவற்றில் 23-ல், தினம் ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) சாப்பிட்டாலே காரீயமோ, காட்மியமோ கலிபோர்னியா மாநிலம் வைத்திருக்கும் அளவைத் தாண்டி விடுகிறதாம். அது கொஞ்சம் கண்டிப்பான அளவுதான். ஒரு துண்டு தின்றவுடன் ஒன்றும் ஆகிவிடாது. தினசரி வழக்கமாக்குவதுதான் தப்பு. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பயப்படாதீர்கள். அது வெள்ளீயம், வேறு சங்கதி.)

சாக்லேட்டுக்குள் இது எப்படி வந்தது? காட்மியம் மண்ணிலேயே இருக்கிறது. கோகோ மரம் வேர் வழியாக உறிஞ்சி கொட்டையில் சேர்த்து விடுகிறது. ஈக்வடார், பெரு, கொலம்பியா பக்கத்து மண்ணில் இது அதிகம். கானா, ஐவரி கோஸ்ட்டில் குறைவு. உதிர்ந்த இலை மக்கும்போது காட்மியம் மறுபடி மேல் மண்ணுக்கே வந்து விடும். பாவம், அந்த விவசாயி என்ன செய்வான்? புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் உறிஞ்சுவது குறையும் என்கிறார்கள். காரீயமோ பெரும்பாலும் பறித்த பிறகுதான் ஒட்டுகிறது. நாம் தெருவோரம் வற்றல் காயப்போட்டால் புழுதி படிவதில்லையா, அதே கதை.

காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் வெளியே வராது. காரீயம் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருந்தால், இந்த இரண்டையும் குடல் வழக்கத்தை விட அதிகமாக உள்ளே இழுத்துக் கொள்ளுமாம். ஆக, ரத்தசோகை என்று யாருக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேனோ, அவளுக்குத்தான் இது கூடுதல் கெடுதல்!

எனக்குக் கோபமெல்லாம் அட்டையின் மேல்தான். '85 சதவீதம் கோகோ' என்று கொட்டை எழுத்தில் பெருமை அடிக்கிறார்கள். கோகோ ஏறினால் உலோகமும் ஏறலாம் என்று ஏன் போடுவதில்லை? ஐரோப்பிய நாடுகளில் 2019 முதல் காட்மியத்துக்கு வரம்பு இருக்கிறது. கோகோ குறைந்த மில்க் சாக்லேட்டுக்குக் கிலோவுக்கு 0.10 மில்லிகிராம், பாதிக்கு மேல் கோகோ உள்ளதற்கு 0.80. சட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது! அந்த 28-ல் 5 சாக்லேட் தேறியிருக்கிறதே, மற்றவர்களால் மட்டும் முடியாதா? கொட்டை எந்த நாட்டிலிருந்து வந்தது, சோதனையில் எவ்வளவு இருந்தது என்று அட்டையில் அச்சடிக்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த வேண்டும். இதயத்துக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது என்று யார் சொன்னாலும் நம்பி வாங்குவது நாம்தானே!

மிச்சம் ஆறு சாக்லேட் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு. மருமகளுக்கு டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும், கீரை தெரியாமல் அரைத்துப் போட்ட அடையும். நேற்று இரண்டு சாப்பிட்டாள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.