ஆரஞ்சுச் சட்டையும் ரோட்டரியின் முதல் கேள்வியும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று கனடா ஆரஞ்சு நிறம் பூசிக்கொள்கிறது. பள்ளிக் குழந்தைகள், வங்கி ஊழியர்கள், போலீஸ்காரர்கள், மேயர்கள் என்று பலரும் ஆரஞ்சுச் சட்டையில் வருகிறார்கள். ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களும் இதில் பின்தங்கவில்லை. கூட்டம் தொடங்கும்போது "நாம் கூடியிருக்கும் இந்த மண் இன்ன பூர்வகுடி மக்களின் மண்" என்று ஒரு வாசகம் படிக்கிறார்கள். உறைவிடப் பள்ளியிலிருந்து உயிரோடு மீண்டு வந்த ஒரு முதியவரை அழைத்துப் பேச வைக்கிறார்கள். நிதி திரட்டிக் கொடுக்கிறார்கள்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். அதில் எனக்கு விருப்பமில்லை. ஊரில் செல்வாக்குள்ள மனிதர்கள், ஒடுக்கப்பட்ட ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது ஒரு மணி நேரம் வாய்மூடிக் கேட்கிறார்கள் என்றால் அதன் மதிப்பு நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி ஆயிரம் கூட்டங்கள் நடக்கும். நம்மைப் பேசவிட்டுக் கேட்கும் கூட்டம் எத்தனை? ஆனால் கேட்டு முடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அந்தச் சட்டையின் கதை. 1973-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வில்லியம்ஸ் லேக் அருகே செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் பள்ளி. ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கிக் கொடுத்த புத்தம்புது ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போனார். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல் அவர் இதை ஊரறியச் சொன்னார். ஆரஞ்சுச் சட்டை நாள் அப்படித்தான் பிறந்தது. 2021-இல் அதே தேதியை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகக் கனடா அரசு விடுமுறையோடு அறிவித்தது.

சட்டை பறிபோனது தொடக்கம் மட்டும்தான். 1880-களிலிருந்து 1990-கள் வரை, பூர்வகுடிகளின் பிள்ளைகள் 1,50,000-க்கும் மேற்பட்டோர் இந்தப் பள்ளிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் உள்ளிட்ட திருச்சபைகளுடையது. பிள்ளையின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். பாதி நாள் பாடம், பாதி நாள் பண்ணையிலும் சலவையறையிலும் வேலை. 1907-இல் அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் மேற்குப் பகுதிப் பள்ளிகளைச் சோதித்தார். விவரம் கிடைத்த மாணவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்துப்போயிருந்தார்கள். முக்கியக் காரணம் காசநோய். பிரைஸ் சொன்ன சீர்திருத்தங்களை அரசு கிடப்பில் போட்டது. 1920-இல், டங்கன் கேம்பல் ஸ்காட் என்ற உயர் அதிகாரியின் முனைப்பில், இந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. சாவு விகிதம் தெரிந்த பிறகு கட்டாயமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1940-களின் இறுதியில் சில பள்ளிகளில், பசியோடு இருந்த பிள்ளைகளை வைத்தே ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்தார்கள். 1966-இல் கெனோராவின் பள்ளியிலிருந்து தப்பி, 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வீட்டை நோக்கி ரயில் பாதையில் நடந்த சேனி வென்ஜாக் என்ற 12 வயதுச் சிறுவன் குளிரில் விறைத்துச் செத்தான். இதுவரை ஆவணங்களில் உறுதியான மரணங்கள் மட்டும் 4,000-க்கு மேல்.

இந்தப் பள்ளிகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தங்களைக் கொடியவர்கள் என்று நினைத்துக்கொள்ளவில்லை. சேவை செய்வதாகவே நம்பினார்கள். அவற்றுக்குத் துணி மூட்டை அனுப்பிய சபைப் பெண்களும் புண்ணியக் கணக்கில்தான் அனுப்பினார்கள். பூர்வகுடிகளின் அனுபவத்தில் "சேவை" என்ற சொல்லுக்கு இப்படி ஒரு ரத்தக் கறை இருக்கிறது. அதே சொல்லைத் தன் அடையாளமாக வைத்திருக்கும் ஒரு சங்கம் அவர்கள் முன்னால் போய் நிற்கும்போது, அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரோட்டரி 1905-இல் சிகாகோவில் தோன்றியது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் சங்கம் 1910-இல் கனடாவின் வின்னிபெக்கில் அமைந்தது. இன்று உறைவிடப் பள்ளிகளின் ஆவணங்களைப் பாதுகாக்கும் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையம் இருப்பதும் அதே வின்னிபெக்கில், மனிடோபா பல்கலைக்கழகத்தில். வின்னிபெக் ரோட்டரி தொடங்கிய பிறகும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் உறைவிடப் பள்ளிகள் ஓடின.

ரோட்டரியின் பழைய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு வங்கி மேலாளர், ஒரு கட்டட கான்ட்ராக்டர், ஒரு மளிகை மொத்த வியாபாரி. அதாவது ஒரு ஊரை நடத்துபவர்களின் பட்டியல். உறைவிடப் பள்ளி இருந்த ஊர்களில் அந்தப் பள்ளிக்கு மாவு விற்றது யார், கட்டடம் கட்டியது யார், இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார்? அவர்களில் யாராவது சங்க உறுப்பினராக இருந்தார்களா? இதைத் தெரிந்துகொள்ள வெளியே எங்கும் போக வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் தன் பழைய மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தாலே போதும். நூறாண்டு கண்ட சங்கங்கள் நூற்றாண்டு மலர் போடுகின்றன. அந்த மலரில் இந்த ஓர் அத்தியாயமும் இருக்கட்டும்.

இன்னொரு செய்தி. 1927-இல் இந்தியச் சட்டம் என்று பெயர் கொண்ட கனடியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பூர்வகுடிகள் தங்கள் நில உரிமைக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியில்லாமல் பணம் வசூலிப்பதும், அதற்காக வக்கீல் வைப்பதும் குற்றம். 1951 வரை அது நடைமுறையில் இருந்தது. அந்த 24 ஆண்டுகளில் கனடிய நகரங்களின் சேவைச் சங்கங்கள் நல்ல காரியங்களுக்காக உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்தன. ஒருவன் வசூலித்தால் தர்மம், இன்னொருவன் தன் மண்ணுக்காக வசூலித்தால் சிறை. இன்று அதே பூர்வகுடிகளுக்காக நிதி திரட்டும்போது இந்த வரலாறு மேடையில் சொல்லப்பட வேண்டாமா?

ரோட்டரிக்காரர்கள் கூட்டந்தோறும் சொல்லும் நால்வழிச் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்ற சிகாகோ வணிகர் எழுதியது. நாம் நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா? நான்கு கேள்விகள். வரிசையைப் பாருங்கள்: உண்மை முதலில், நியாயம் இரண்டாவது, நல்லெண்ணம் மூன்றாவது. உறைவிடப் பள்ளி விஷயத்தில் பல நல்ல மனிதர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். யார் மனமும் கோணக்கூடாது, பழையதைக் கிளற வேண்டாம், இனி நட்பாக இருப்போம் என்று மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறார்கள். முதல் கேள்விக்குத் திரும்பி வருவதே இல்லை.

2021 மே மாதம் கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில், தரைக்கடியில் உள்ளதைக் காட்டும் ரேடார் கருவி மூலம், புதைகுழிகளாக இருக்கக்கூடிய சுமார் 200 தடயங்கள் கிடைத்ததாக அந்த மண்ணின் பூர்வகுடியினர் அறிவித்தார்கள். உலகம் அதிர்ந்தது. பிறகு ஒரு கூட்டம் கிளம்பியது. "தோண்டிப் பார்த்தீர்களா? எலும்பு எங்கே? எல்லாம் கட்டுக்கதை" என்றது. ஆனால் ரேடார் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2015-இல், நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 3,200 மரணங்களைக் கணக்கெடுத்துவிட்டது. ஆதாரம் அரசும் திருச்சபையும் எழுதி வைத்த ஆவணங்கள். தோண்டுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் முடிவு செய்யும். சாதிக் கொலையை "தற்கொலை" என்று எழுதும் எஃப்.ஐ.ஆர்.களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த மறுப்புவாதத்தின் குரல் புதிதல்ல. இப்படிப்பட்ட பேச்சு ஊர்ப் பெரியவர்களின் மதிய உணவு மேசையில் எழும்போது, எதிரே இருக்கும் சங்கத்துக்காரர் என்ன சொல்கிறார் என்பதுதான் சோதனை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கனடாவில் ரோட்டரி உறுப்பினர்கள் சிலர் வெறும் நன்கொடையோடு நிற்கவில்லை. அவர்களிடமிருந்து தோன்றிய "ஹானரிங் இண்டிஜினஸ் பீப்பிள்ஸ்" என்ற அமைப்பு, பூர்வகுடிகளைப் பற்றி மற்றக் கனடியர்களுக்குக் கற்பிப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. திருத்தப்பட வேண்டியவன் பூர்வகுடி அல்ல, மற்றவன்தான் என்று புரிந்துகொண்டிருப்பது பெரிய மாற்றம். ஆனால் அறிவது பாதி வழி.

ஆணையம் 94 செயல் அழைப்புகளை விடுத்தது. அதில் 92-ஆவது வணிக உலகத்துக்கு. பூர்வகுடிகளின் மண்ணில் எந்தத் திட்டத்தையும் தொடங்கும் முன் அவர்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதலைப் பெறுங்கள். வேலையிலும் பயிற்சியிலும் சமவாய்ப்பு கொடுங்கள். உங்கள் மேலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் இந்த வரலாற்றைக் கற்பியுங்கள். ரோட்டரி என்பது வணிகர்களும் தொழில் வல்லுநர்களும் கூடும் இடம். 94-இல் அவர்கள் வாசற்படியிலேயே வைக்கப்பட்ட கடிதம் இது. விளையாட்டு மைதானத்துக்கு நிதி கொடுப்பது எளிது. தன் கம்பெனியில் எத்தனை பூர்வகுடிகள் வேலை செய்கிறார்கள், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது கடினம். யெல்லோஹெட் இன்ஸ்டிடியூட் என்ற பூர்வகுடி ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கின்படி, எட்டு ஆண்டுகளில் நிறைவேறியவை 13 அழைப்புகள் மட்டுமே.

கடனைத் தர்மமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கத்தோலிக்க அமைப்புகளே சாட்சி. பாதிக்கப்பட்டோருடன் 2006-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், 2.5 கோடி டாலர் திரட்டித் தர "இயன்றவரை முயல்வோம்" என்றார்கள். கிடைத்தது 40 லட்சத்துக்கும் குறைவு. 2015-இல் நீதிமன்றம் அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தும்விட்டது. கடன்பட்டவன் உண்டியல் குலுக்கி, விழுந்ததைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ள முடியும் என்றால், அதற்குப் பெயர் நீதி அல்ல.

அம்பேத்கரியர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். டெய்லர் தன் நான்கு கேள்விகளை எழுதிய அதே 1932-இல்தான், பூனா ஒப்பந்தத்தின் பின் ஹரிஜன் சேவக் சங்கம் பிறந்தது. தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். அந்த நவம்பரில் கப்பலில் இருந்தபடி பாபாசாகேப் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டப் போராடுங்கள். வேலையில் சமவாய்ப்பு பெற்றுத் தாருங்கள். சங்கத்தின் ஊழியர்களைத் தீண்டப்படாதவர்களிலிருந்தே எடுங்கள் என்றார். பதில் வரவில்லை. சங்கம் நலத்திட்டங்களோடு நின்றது. நிர்வாகத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம், எனவே அவர்களே நடத்துவார்கள் என்பது காந்தி தரப்பின் நிலையாக இருந்தது. பாவம் செய்தவனே பிராயச்சித்தத்தின் அளவையும் முடிவு செய்வான், பாதிக்கப்பட்டவன் நன்றி சொன்னால் போதும்.

கனடாவின் சேவைச் சங்கங்களிடம் கேட்க வேண்டியது இதைத்தான். உங்கள் நல்லிணக்கக் குழுவில் பூர்வகுடிகள் விருந்தினர்களா, முடிவெடுப்பவர்களா? பணத்தை எதற்குச் செலவிடுவது என்று யார் சொல்கிறார்கள்? ரோட்டரி மாறக்கூடியது என்பதற்கு அதன் வரலாறே சான்று. பெண்களை உறுப்பினராக்க மாட்டோம் என்று நீதிமன்றம் வரை போய் வாதாடிய அமைப்பு அது; 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே கதவு திறந்தது. அந்த மாற்றம் நல்லெண்ணத்தால் வரவில்லை. உரிமை கேட்டவர்களால் வந்தது.

இது பழங்கதையும் அல்ல. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டுள்ள குழந்தைகளிலோ அவர்கள் 53.8 சதவீதம். பள்ளி மூடப்பட்டது, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது நிற்கவில்லை. பூர்வகுடிக் குழந்தைகள் நலனுக்கு அரசு குறைவாக நிதி ஒதுக்கிப் பாகுபாடு காட்டுகிறது என்று 2016-இல் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயமே சொன்னது. ஆணையத்தின் முதல் அழைப்பே இந்தக் குழந்தைகளைப் பற்றியதுதான்.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. டொரன்டோவின் சேவைச் சங்கங்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள், நம் அமைப்புகளும் மண்ணின் மக்களை நினைவுகூரும் வாசகத்தைப் படிக்கின்றன. நிலம் பறிகொடுத்து ஓடிவந்த மக்களுக்கு அதன் பொருள் புரியாமல் போகாது. ஆனால் 2023-இல் டொரன்டோ மாவட்டப் பள்ளி வாரியம் சாதிப் பாகுபாட்டைக் கவனத்தில் எடுத்தபோது, "இங்கே சாதியே இல்லை, எங்களை இழிவுபடுத்தாதீர்கள்" என்று தெற்காசியர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. பூர்வகுடிகளுக்காக ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, சொந்த வீட்டுச் சாதியை மறுக்க முடியாது. முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: அது உண்மையா?

எனவே சட்டை போடுங்கள், கூட்டம் நடத்துங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு பழைய மினிட்ஸ் புத்தகத்தைத் திறங்கள். 92-ஆவது அழைப்பை உங்கள் சொந்தக் கம்பெனியில் நடைமுறைப்படுத்தி, ஆண்டுதோறும் கணக்குக் காட்டுங்கள். மறுப்புவாதி பேசும்போது குறுக்கே பேசுங்கள். பணப் பெட்டியின் சாவியைப் பூர்வகுடிகளின் கையில் கொடுங்கள். அதன் பிறகு நட்பு வளருமா என்ற மூன்றாவது கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும்.

ஜெய் பீம்!