மாஷே விரித்த வலை

வார்லி பழங்குடியினரின் ஓவியம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது, கைகோத்து வட்டமாக ஆடும் குச்சி மனிதர்கள்தாம். நடுவில் ஒருவர் சுரைக்குடுக்கையில் செய்த தார்ப்பாவை ஊதிக்கொண்டிருப்பார். துணிப்பை, தேநீர்க் கோப்பை, ஓட்டல் சுவர் என எங்கும் அதே ஆட்டம். அதிலேயே பழகிய கண்ணுக்கு ஜிவ்யா சோமா மாஷேயின் மீன்பிடிப் படங்கள் திகைப்பைத் தரும்.

அவற்றில் மனிதர்கள் ஓரத்தில், எறும்பளவுதான். மற்ற இடமெல்லாம் வலை. மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கண்ணி கண்ணியாக விரிகின்றன. அளவுகோல் வைத்துப் போட்டவை அல்ல. ஓரிடத்தில் நெருங்கும், இன்னோரிடத்தில் தளரும். அதனாலேயே வலை நீருக்குள் உப்பி அசைவதுபோல் இருக்கிறது. அச்சுப் பிரதியில் அந்த அசைவு பாதி போய்விடும்.

மாஷே 1934இல் பிறந்தவர். மகாராஷ்டிரத்தில் தஹாணுவை அடுத்த கஞ்சாட் அவருடைய ஊர். சிறுவயதில் தாயை இழந்தபின் பேச்சை விட்டு, மண்ணில் படம் வரைந்தே எதையும் தெரிவித்தார் என்பார்கள். அப்போது ஓவியம் பெண்கள் கையில் இருந்தது. திருமணத்துக்குக் குடிசையின் உட்சுவரைச் செம்மண் பூசி மெழுகி, அரிசிமாவைக் கரைத்து, நுனி நைந்த மூங்கில் குச்சியால் திருமணத் தெய்வமான பாலகாட் தேவியின் சதுரத்தைச் சுமங்கலிகள் வரைவார்கள்.

1970களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்ணி என்ற கலைஞர் வார்லி ஊர்களுக்குக் காகிதத்தைக் கொண்டுபோனார். மாஷே பிடித்துக்கொண்டார். 1975இல் மும்பை கெமோல்ட் கூடத்தில் அவருடைய படங்கள் தொங்கின. 2011இல் பத்மஸ்ரீ வந்தது. சடங்கைவிட்டு வெளியேறியதால் கலை கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் அந்த வலையை ஒருமுறை பார்க்க வேண்டும். கல்யாணச் சுவரில் தேவிக்குத்தான் நடு இடம். வலைக்கு ஒரு முழுப் படம் கிடைத்தது துணியும் காகிதமும் வந்த பிறகுதான்.

வலையை வரைந்தாலும் வார்லிகள் கடலோடிகள் அல்லர். அந்தக் கரையில் கடல்மீன் பிடிப்பவர்கள் கோலிகள், மாங்கேலாக்கள் போன்ற சமூகத்தார். வார்லிகளுக்கு நெல்தான் பிழைப்பு. மீன் மழையோடு வருவது. முதல் மழையில் ஓடைகள் பெருக, முட்டையிட மீன்கள் எதிர்நீச்சலடித்து வயல்வரை ஏறும். மடைவாயில் மூங்கில் கூடு வைத்தால் அன்றைய குழம்புக்கு ஆயிற்று. ஆகவே படத்தில் ஏரும் நாற்றும் மீனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை அழகுக்குச் சேர்த்த அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனி, ஆடி மாத நடப்பே அதுதான்.

இந்தப் படங்களில் மனிதருக்கு நுனி தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்கள்தாம் உடல். முகத்தில் கண்ணில்லை, மூக்கில்லை. ஆனால் மேல் முக்கோணம் சற்றுச் சாய்ந்தால் ஆள் வலை இழுக்கிறான்; இன்னும் குனிந்தால் நாற்று நடுகிறாள். சென்னையின் தாரா புக்ஸ் 2009இல் வினைச்சொற்களை மட்டும் வைத்து ‘டூ!’ என்றொரு சிறுவர் நூலை வெளியிட வார்லி ஓவியர்களை நாடியது நல்ல தேர்வு. வேலையை இவ்வளவு சிக்கனமாக வரைபவர்கள் குறைவு.

மாஷே 2018இல் மறைந்தார். மகன்கள் சதாசிவும் பாலுவும் வரைகிறார்கள். தஹாணுக் கரையிலோ, மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவரும் வாதவன் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டியாயிற்று. கோப்பைகளில் ஆட்டம் தொடர்கிறது. வலை இன்னும் அவற்றில் ஏறவில்லை.