பரிசு போதுமா?

தேசீயக் கடற்போக்குவரத்துத் தினமாகிய ஏப்ரல் 5-ஐ ஒட்டி, கப்பற்றொழிலில் சிறந்தோர்க்கு இந்திய சர்க்கார் வருண விருது முதலிய சன்மானங்களை அளிக்கின்றனர். 1919-ல் அத்தேதியில் ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயினின்று லண்டனுக்குப் புறப்பட்டதன் ஞாபகார்த்தமே இத்தினம். வல்லோரைக் கௌரவித்தல் நன்றே. எனினும் பாராட்டினால் மட்டும் ஒரு தொழில் நிலைத்து விடாது.

அதற்குப் பன்னிரண்டாண்டு முன்னரே, 1907-ல், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கம்பெனிக்குக் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. தேசமெங்கும் அவரைப் புகழ்ந்தது. ஆயினும் அந்நியக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துப் பிரயாணிகளைக் கவர்ந்தனர். அவரோ 1908-ல் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைந்தது. புகழுக்குக் குறைவில்லை, கிராக்கிக்கே குறைவு.

இன்றும் பெருங் கப்பல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அந்நியரையே எதிர்நோக்குகிறோம். ஆவடியில் டாங்கிக்கு எஞ்சின் செய்கின்றனர். அம்பத்தூர்ப் பேட்டையில் மோட்டார் உறுப்புகளைக் கடைகின்றனர். இக்கைகளுக்குக் கப்பல் வேலை மட்டும் கைகூடாதா?

6 மெகாவாட் கப்பல் எஞ்சினைச் சுதேசத்தில் உருவாக்க 2025 ஏப்ரலில் கிர்லோஸ்கர் கம்பெனிக்குக் கடற்படையார் அனுமதியளித்தனர்; செலவாகும் 270 கோடி ரூபாயில் 70 சதவிகிதம் சர்க்காருடையது. இதுவே மெய்யான பரிசு. இத்தகைய வேலை சிறு பட்டறைகளுக்கும் எட்டுமாறு சர்க்கார் வழி செய்வார்களாக.