பட்டியலைத் தர மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன்



இந்த மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே பொருளைக் கேட்டுவிட்டீர்கள். நம் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்காக நான் சேர்த்து வைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரிகள், மொத்தம் 412. கேட்டவர்களில் ஒருவர் சிறுதானியப் பலகாரம் விற்கிறார், ஒருவர் வீட்டுமனை, இன்னொருவர் பயிற்சி மையம் நடத்துகிறார். மூவருமே என்னிடம் படித்த பிள்ளைகள். மூவரின் தொழிலும் செழிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் பட்டியலைத் தர மாட்டேன். தனித்தனியாகச் சொன்னால் "டீச்சருக்கு என் மேல் ஏதோ கோபம்" என்று தோன்றும். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பைன்ஸ் எல்லாம் சட்டப்படி நடக்கிற கம்பெனிகள்தானே டீச்சர், அதில் ஏற்றி அனுப்பினால் என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகவே இந்தச் சேவைகளின் விதிகளையும் சில நாடுகளின் சட்டங்களையும் உட்கார்ந்து படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

முதலில் சட்டங்கள். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், சுலபமாகப் புரியும்.

அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் 2003-இல் வந்தது, 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முன் அனுமதி கேட்காமலே விளம்பர மடல் அனுப்பலாம். தலைப்பில் பொய் கூடாது, அனுப்புகிறவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும், விலகுகிறேன் என்று சொன்னவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். அதாவது, வாய் திறக்காத பிள்ளை எல்லாம் வந்திருப்பதாகவே கணக்கு. "நான் வரவில்லை" என்று அவனேதான் வந்து சொல்ல வேண்டும்!

கனடா இதற்கு நேர் எதிர். 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அவர்கள் சட்டத்தில், "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னவனுக்குத்தான் வருகை. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது. உங்களிடம் பொருள் வாங்கியவருக்கு 2 வருடம் வரையும், விசாரித்துவிட்டுப் போனவருக்கு 6 மாதம் வரையும் மறைமுக ஒப்புதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்புதல் வாங்கினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அனுப்பியவருடையது. மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 1 கோடி கனடா டாலர் வரை போகலாம். பலகாரக் கடைத் தம்பி, டொராண்டோவில் இருந்து உனக்குத் தீபாவளி ஆர்டர் போடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீ அனுப்பும் மடலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். கனடாவில் உள்ள கணினியில் திறக்கப்படும் மடலுக்கும் அது பொருந்தும்.

ஐரோப்பாவும் கேட்டுவிட்டு அனுப்பு என்ற கட்சிதான். 2002-லேயே அதற்கு ஓர் ஆணை போட்டார்கள். சொந்த வாடிக்கையாளருக்கு அதே மாதிரிப் பொருளைப் பற்றி எழுத மட்டும் ஒரு விலக்கு உண்டு. 2018 மே 25 முதல் ஜி.டி.பி.ஆர். வந்தபின் இன்னொரு நல்ல விதியும் சேர்ந்தது. ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் குறுஞ்செய்திக்கும் தொலைபேசி அழைப்புக்கும் டிராயின் விதிகள் இருக்கின்றன. 1909-க்குத் தகவல் அனுப்பி விளம்பரத் தொல்லையை நிறுத்தியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மின்னஞ்சல் அந்த விதிகளுக்குள் வரவில்லை. ஆனால் 2023-இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தச் சட்டப்படி, ஒப்புதல் எந்தக் காரியத்துக்காகத் தரப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் செல்லும். ஒரு மருத்துவ ஆலோசனைச் செயலி, நோயாளியின் தொலைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாலும், ஆலோசனைக்கு அது தேவையில்லாததால் அந்த அனுமதி செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. அனுமதி கேட்கும் வாசகத்தைத் தமிழில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. தமிழ் ஆசிரியையாக அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி, மடல் அனுப்பும் சேவைகள். அமெரிக்கச் சட்டம் கேட்காமல் அனுப்ப விட்டாலும், அமெரிக்க நிறுவனமான மெயில்சிம்ப் விடுவதில்லை. விலைக்கு வாங்கிய, வாடகைக்கு எடுத்த, பிறர் சேர்த்த பட்டியல் எதுவும் கூடாது என்கிறது. சென்னையின் ஜோஹோவும், பிரான்ஸின் பிரெவோவும் (முன்பு சென்டின்ப்ளூ என்ற பெயரில் இருந்தது) விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்பதில்லை. அமேசானின் எஸ்.இ.எஸ். சேவையில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், சரிபார்க்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டும், ஒரு நாளைக்கு 200 மடல்தான் அனுப்ப முடியும். அதைத் தாண்ட விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின்னும், ஆயிரம் மடலுக்கு ஒருவர் "இது ஸ்பேம்" என்று புகார் செய்தாலே கணக்கைக் கண்காணிப்பில் வைக்கலாம், ஐந்து பேர் செய்தால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம். ஜிமெயிலும் 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும், இரண்டு நாளில் நீக்க வேண்டும், புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக் கூடாது.

சட்டத்தைவிடக் கம்பெனிகள் கண்டிப்பாக இருப்பது ஏன்? தர்மசிந்தனையால் என்று நான் நம்பவில்லை. ஆயிரக்கணக்கான கடைக்காரர்களின் மடல்கள் ஒரே சர்வர் வழியாகப் போகின்றன. ஒருவன் கண்டவர்களுக்கு எல்லாம் அனுப்பினால், மற்றவர்களின் மடலும் சேர்ந்து குப்பைக்குப் போகும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். வியாபாரப் பயம்தான். இருக்கட்டும், பயத்தால் வந்தாலும் ஒழுக்கம் ஒழுக்கம்தான்.

ஆனால் அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பாருங்கள். ஒருவர் தன் முகவரியைத் தந்ததும், "நீங்கள்தான் தந்தீர்களா?" என்று ஒரு மடல் அனுப்பி, அவர் சொடுக்கிய பின்பே சேர்க்கும் முறைக்கு டபுள் ஆப்ட்-இன் என்று பெயர். வராத பையனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் குரல் மாற்றி "உள்ளேன் டீச்சர்" சொல்வானே, அந்தத் திருட்டைப் பிடிக்கும் வழி இது. மெயில்சிம்ப் முன்பு இதையே வழக்கமாக வைத்திருந்தது. 2017-இல் ஒற்றை ஒப்புதலே போதும் என்று மாற்றியது. எதிர்ப்பு வந்தபின் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய முறையை வைத்துக்கொண்டது. இப்போது இரட்டை ஒப்புதல் வேண்டுமென்றால் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். படிவத்தில் பாதியில் விட்டுப் போகிறவர்கள் குறைந்தால் பட்டியல் வளரும், பட்டியல் வளர்ந்தால் கட்டணம் வளரும். நான் புரிந்துகொண்டது இதுதான்.

இவை எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஏற்கெனவே கையில் இருக்கும் பட்டியலை ஏற்றும்போது, எந்தச் சேவையானாலும் உங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "இவர்கள் ஒப்புதல் தந்தவர்களா?" நீங்கள் ஆம் என்று டிக் போட்டால் அது நம்பிக்கொள்ளும். புகார் வந்தால்தான் விழித்துக்கொள்ளும். ஆக, விதி எத்தனை பக்கம் இருந்தாலும், நாணயம் முழுவதும் அந்த ஒரு டிக்கில் இருக்கிறது. இந்த 412 பேருக்காக அந்த டிக்கைப் போட உங்கள் மூவருக்கும் உரிமை இல்லை. எனக்கும் இல்லை.

"தெரிந்தவர்கள்தானே டீச்சர், யார் புகார் செய்யப் போகிறார்கள்?" என்பீர்கள். அதுதான் எனக்குக் கவலை. இந்தச் சட்டங்களும் சேவைகளும் முன்பின் தெரியாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தெரியாதவன் மடல் அனுப்பினால் ஸ்பேம் என்று அழுத்திவிட்டுப் போய்விடுவோம். கூடப் படித்தவன் அனுப்பினால்? மச்சினன் அனுப்பினால்? தாட்சண்யம் வந்து கையைப் பிடிக்கும். மடலை யார் திறந்தார்கள், யார் விலகினார்கள் என்று பெயரோடு அனுப்பியவருக்குக் காட்டும் வசதி இந்தச் சேவைகளில் உண்டு. அடுத்த கல்யாண வீட்டில் "ஏன்டா, என் மெயிலை நிறுத்திட்டியாமே?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பயந்தே நூறு பேர் வாய்மூடி இருப்பார்கள். அந்த மௌனத்தைப் பார்த்து உங்கள் எண்ணிக்கைக் கணக்கு "புகார் இல்லை, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது" என்று சொல்லும். நமக்குள் மௌனம் சம்மதத்துக்கு அடையாளம் இல்லை, பிள்ளைகளே. பெரும்பாலும் அது சங்கடத்துக்கு அடையாளம்.

இன்னொன்றும் உண்டு. முகவரி தந்த பெண் பிள்ளைகளில் சிலர், "டீச்சர், உங்களிடம் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். காரணம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தஞ்சாவூர் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போனால், அந்தப் பெற்றோர் நம்மைச் சும்மா விடுவார்களா?

முதல் விளம்பர மடல் என்று சொல்லப்படுவது 1978 மே 3 அன்று போனது. டி.ஈ.சி. என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், ஆர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு அனுப்பினார். முகவரிகளை எடுத்தது அச்சிட்ட உறுப்பினர் அடைவில் இருந்து. ஒரு காரியத்துக்காகச் சேர்த்த பட்டியல் வேறு காரியத்துக்குக் கைமாறிப் போன கதை அன்றே தொடங்கிவிட்டது. எண்ணிக்கைகூட ஏறக்குறைய நம்முடையதுதான்!

சரி, என் பிள்ளைகளின் வியாபாரத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒன்று செய்கிறேன். அடுத்த சந்திப்பு அறிவிப்பு மடலின் கடைசியில், மூன்று பேரின் தொழிலைப் பற்றியும் ஆளுக்கு இரண்டு வரி நானே எழுதுகிறேன். கீழே உங்கள் சொந்தப் பதிவுப் படிவத்தின் இணைப்பு இருக்கும். விருப்பமுள்ளவர்கள் அங்கே வந்து தாமாக முகவரி தரட்டும். நீங்கள் மூவரும் டபுள் ஆப்ட்-இன் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு மடல் வரும் என்பதைப் படிவத்திலேயே தமிழில் எழுதுங்கள். விலகும் இணைப்பைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். விலகியவரிடம் எந்தக் காலத்திலும் ஏன் என்று கேட்காதீர்கள்.

412 பேரில் 40 பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 பேரும் உங்கள் மடலைத் திறந்து படிப்பார்கள். கூப்பிட்டு வந்த கூட்டத்தைவிடத் தானாக வந்த ஆள்தான் கடைக்கு ஆதாயம். இதை வியாபாரம் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்திப்பு அறிவிப்பு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நீக்கிவிடுகிறேன். காரணம் கேட்க மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்