அடுப்பங்கரைப் புகையும் சர்க்காரின் கணக்கும்

குளிர்காலம் வந்து டில்லி நகரைப் புகைமண்டலம் மூடிவிட்டால் தேசமெங்கும் கூக்குரல் எழும்புகிறது. பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள், நீதிமன்றங்கள் அதிகாரிகளை அழைத்துக் காரணம் கேட்கின்றன. இதெல்லாம் நியாயமே. ஆனால், கிராமாந்தரங்களில் கோடிக்கணக்கான கூரைகளின் கீழ் வருஷம் முழுவதும், காலையும் மாலையும் தேங்கி நிற்கும் புகையைப் பற்றிப் பேசுவார் இல்லை. அதைச் சுவாசிப்பவர்கள் நமது ஸ்திரீகளும், அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமாவர். அவர்களுக்காகக் கூட்டம் போடுவார் இல்லை என்பதே இந்த மௌனத்திற்குக் காரணமென்று நாம் கருதுகிறோம்.

விறகு, வறட்டி, சுள்ளி ஆகியவை எரியும்போது கண்ணுக்குத் தெரியும் கரி மட்டும் உண்டாவதில்லை. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த அளவுள்ள நுண்துகள்கள் எண்ணிறந்தவை கிளம்புகின்றன. தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குகூட இராத இத்துகள்களை மூக்கின் ரோமமும் சளியும் தடுக்க மாட்டா. அவை நுரையீரலின் கடைசி அறைகள் வரை சென்று தங்குகின்றன. மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. நாட்பட்ட மூச்சடைப்பு, இருதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்குக் கபவாத ஜுரம் ஆகியவை இதனால் அதிகரிக்கின்றன. அடுப்படியில் காலங்கழித்த கிழவிகளுக்குக் கண்புரை அதிகம் வருவதற்கும் இப்புகையைக் காரணமாகச் சொல்லுகிறார்கள். 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகமெங்கும் வீட்டுப் புகையினால் சுமார் 32 லக்ஷம் பேர் மாண்டதாகவும், அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டிருந்தால் நமது பத்திரிகைகளில் வேறு செய்திக்கு இடமிருந்திராது.

நகரவாசிகள் இது தங்களுக்குச் சம்பந்தமற்ற விஷயமென்று நினைத்துவிட வேண்டாம். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திப் படுக்கிறோமே, அப்படி ஒரு சுருள் எரிந்து தீருவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை விடுகிறதென்று 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. கொசுவுக்குப் பயந்து குழந்தையின் தலைமாட்டில் அதை வைப்பவர்களே நம்மில் அதிகம்.

நமது சட்டம் இவ்விஷயத்தில் என்ன செய்கிறது? 1981-ஆம் வருஷத்துக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் ஆகாய மண்டலத்தில் கலக்கும் மாசையே மாசென்று கொள்ளுகிறது. 2009-இல் சர்க்கார் விதித்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் வருஷ சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்பது. அதுவும் வெளிக்காற்றுக்கே உரியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் கூறிய அளவோ 5 மைக்ரோகிராம். விறகடுப்பு எரியும் சமயத்தில் காற்றோட்டமில்லாத அறையில் இது நூற்றுக்கணக்கிலும், சில வேளைகளில் ஆயிரக்கணக்கிலும் இருக்கிறது. 2019-இல் தொடங்கிய தேசீய சுத்தக் காற்றுத் திட்டமும் நகரங்களுக்காக ஏற்பட்டதே. ஓலைக் கூரையினின்று கசியும் புகைதான் வெளியே சென்று ஆகாயத்தையும் கெடுக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சட்டம் வாசற்படியில் நின்றுவிடுவதன் விசித்திரம் விளங்கும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்ல மாட்டோம். 2016 மே மாதம் முதல் தேதி பல்லியாவில் துவக்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் மூலம் 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் இணைப்புக் கிடைத்தது. இது சாமானிய காரியமன்று; மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் இணைப்பு வேறு, எரிவது வேறு. 2018-ஆம் வருஷ முடிவில் 3.18 கோடி பயனாளிகளின் கணக்கைப் பார்த்த தணிக்கை அதிகாரி, சராசரியாக வருஷத்திற்கு 3.21 சிலிண்டரே வாங்கப்பட்டதாகத் தெரிவித்தார். நாலைந்து பேருள்ள குடும்பத்திற்கு மூன்று சிலிண்டர் வருஷம் பூராவும் காணுமா என்று எந்தக் குடும்பஸ்தனும் சொல்லுவான். மிச்ச நாட்களில் பழைய அடுப்புத்தான். 2019–21-இல் எடுத்த தேசீயக் குடும்பநலக் கணக்கின்படி கிராமங்களில் சுத்தமான எரிபொருளைக் கொண்டு சமைத்த குடும்பங்கள் நூற்றுக்கு 43 மட்டுமே.

இதே பிழை முன்பும் நேர்ந்திருக்கிறது. 1983-இல் ஆரம்பித்துப் புகையில்லா அடுப்புகளைக் கோடிக்கணக்கில் கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்த அடுப்புகளை எண்ணினார்களேயன்றி, அவை எரிகின்றனவா, புகைபோக்கி அடைத்துக்கொண்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பல அடுப்புகள் இடிந்து கிடந்தன. 2002-இல் திட்டமும் முடிந்தது.

“கிராமத்துப் பெண்கள் விறகடுப்புச் சமையலின் ருசியை விட மாட்டார்கள்” என்று சிலர் சொல்லுவதுண்டு. இதற்கு நமது தமிழ் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு தேசங்களில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் ஜில்லாக்கள். அடுப்பையும் காஸையும் இலவசமாக வீட்டிற்கே கொண்டு சேர்த்தபோது, பெண்கள் விறகைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் நடு அளவு 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தவர்களுக்கோ சுமார் 71. ருசி எங்கே போயிற்று? பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லையென்று 2022-இல் முடிவு வெளியாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அதைக் கொண்டு காஸ் வீண் என்று வாதிப்பது சரியன்று. பிள்ளைப்பருவம் முதல் புகை குடித்த தேகம், கர்ப்பகாலத்துச் சில மாதங்களில் சீர்ப்பட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தடை ருசியில் இல்லை, விலையில் இருக்கிறது என்பதே அச்சோதனையிலிருந்து நாம் அறிவது.

சிலிண்டருக்கு 2022-இல் 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயுமாக உதவித்தொகை ஏற்பட்டது நன்றே. ஆயினும், முழு விலையை முதலில் கொடுத்துப் பிறகு பாங்கியில் உதவியைப் பெற்றுக்கொள் என்பது தினக்கூலிக்காரனுக்கு உதவியாகாது. அவன் கையில் ஒரே தடவையில் அவ்வளவு பணம் இருந்தால் அவன் மனைவி சுள்ளி பொறுக்கப் போக மாட்டாள். உதவியைக் கழித்துக்கொண்டு மிச்ச விலையை மட்டும் வாங்குவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சிறு சிலிண்டர்கள் கிராமக் கடைகளிலேயே கிடைக்க வேண்டும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்கள் தங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் சிலிண்டர் காலியாக மூலையில் நிற்கிறதென்று ஒரு நாள் சென்று பார்த்து வரட்டும். தங்கள் சொந்த வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே தொடங்கினாலும் பாதகமில்லை. சர்க்காரும் வருஷந்தோறும் வெளியிடும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இணைப்புகளின் தொகைக்குப் பக்கத்திலேயே, ஜில்லாவாரியாகக் குடும்பம் ஒன்று வாங்கிய சிலிண்டர் எத்தனை என்பதையும் அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.