நீக்கினாலும் கெடாதவை

சென்ற காலாண்டில் வெளிவந்த ஓர் இதழ் ‘தூய சினிமா’வுக்கென்று நூற்றுச் சொச்சம் பக்கங்களை ஒதுக்கியிருந்தது. ஒதுக்கியதில் நமக்கு வருத்தமில்லை, தாள் அவர்களுடையது. அதிலிருந்த நெடுங்கட்டுரைக்கு இப்போது பரிசும் கிடைத்திருக்கிறது. அதிலும் வருத்தமில்லை, பரிசுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி நமக்கே அலுத்துவிட்டது. தூக்கத்தைக் கெடுத்தது கட்டுரையின் நடுவில் வரும் ஒரு தீர்ப்புதான்: படத்திலிருந்து நீக்கினாலும் கதை கெடாத பாடல், சினிமாவுக்கு வெளியே கிடப்பது. இதற்குச் சான்றாக அமெரிக்க ஸ்டுடியோக் காலத்துப் பாடகி லீனா ஹார்னைப் போகிறபோக்கில் இழுத்துவந்து, தூணருகே நின்று பாடிவிட்டுப் போன அலங்காரம், நடிகை அல்லர் என்று அரைவரியில் கதையை முடித்துவிடுகிறார் கட்டுரையாளர். இந்தத் தலையங்கம் அந்த அரைவரியைப் பற்றியது. மீதி நூற்றுச் சொச்சம் பக்கங்களும் சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தூண் உண்மைதான். 1942இல் எம்.ஜி.எம். நிறுவனம் ஹார்னோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. ‘பனாமா ஹேட்டி’, ‘தவுசண்ட்ஸ் சியர்’, ‘ஸ்விங் ஃபீவர்’, ‘பிராட்வே ரிதம்’, ‘டூ கேர்ள்ஸ் அண்ட் எ செய்லர்’ என்று படங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஒரே ஏற்பாடு. கதை ஓடிக்கொண்டிருக்கும். பாத்திரங்கள் ஓர் இரவு விடுதிக்கோ மேடை நிகழ்ச்சிக்கோ போவார்கள். திரை விலகும். ஹார்ன் ஒரு பாட்டுப் பாடுவார், மிஞ்சினால் இரண்டு. கைதட்டல். கதை விட்ட இடத்திலிருந்து ஓடும். நாயகனோடு அவருக்கு ஒரு பேச்சிருக்காது. நாயகிக்கு அவர் தோழியாக இருக்கமாட்டார். யாருக்கும் கடிதம் எழுதமாட்டார், யாரையும் ஏமாற்றமாட்டார். அடுத்த காட்சியில் அவரை யாரும் நினைத்துப் பார்ப்பதும் கிடையாது.

ஏன் இப்படி என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். அன்றைய அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகளில் ஒரு கறுப்பினப் பெண் சமையற்கட்டிலோ துணி வெளுக்கும் தொட்டியருகிலோ நின்றால் ஆட்சேபம் எழாது. பட்டு அங்கி உடுத்தி, யாருக்கும் பணியாமல் நிமிர்ந்து நின்று பாடினால்தான் கத்தரி வரும். அதனால் படச்சுருள் தெற்கே போகும்போது ஹார்ன் வரும் அடிகளை மட்டும் எடுத்துவிட்டு ஒட்டினால் போதும், ஒட்டு தெரியாது என்கிற கணக்கில் அவருடைய காட்சிகள் எழுதப்பட்டன. மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுத் தலைவர் லாயிட் பின்ஃபோர்டு இந்தத் தொழிலில் பெயரெடுத்தவர். ‘புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ படத்தை 1945இல் அவர் அடியோடு தடுத்த காரணம், எடி ஆண்டர்சன் என்ற கறுப்பின நடிகர் அதில் வெள்ளையரோடு அளவுக்கு மீறிச் சகஜமாகப் பழகுகிறார் என்பது. கதைக்குள் ஒருவர் வேர்விட்டுவிட்டால் முழுப்படமே போய்விடும் என்று ஸ்டுடியோ முதலாளிகளுக்கு இதுபோன்ற மனிதர்கள் பாடம் நடத்தினார்கள். வழியில் ஏதோ ஒரு ஜங்ஷனில் கழற்றிவிட வேண்டிய பெட்டிக்கு, வண்டி கிளம்பும் இடத்திலேயே அதற்கேற்ற கொக்கியை மாட்டி அனுப்புவதுபோல் அவர்கள் ஹார்னை மாட்டி அனுப்பினார்கள்.

ஆக, அந்தப் பாடல்களை நீக்கினால் கதை கெடாது என்பதில் தகராறு இல்லை. கெடக்கூடாது என்று திட்டமிட்டு, கூலி கொடுத்து, திரைக்கதை எழுதவைத்தார்கள். எண்பது வருடம் கழித்து நம்மூர் அழகியல்வாதி ஒருவர் அந்தக் கொக்கியைக் கண்டுபிடித்து, இது பாட்டின் பிறவிக்குணம் என்கிறார். பின்ஃபோர்டுக்குக்கூட இவ்வளவு தத்துவம் தெரிந்திருக்காது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய கூட்டத்துக்காக நம் கொட்டகை ஆபரேட்டர் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு டூயட்டை விழுங்கினாரே, அந்தக் கத்தரியும் மெம்பிஸ் கத்தரியும் ஒன்று என்று நினைக்கத்தான் உருவவாதம் இவருக்கு உதவியிருக்கிறது. உருவவாதத்தின் முன்னோடி ஷ்க்லோவ்ஸ்கி பாவம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒப்பந்தப் பேச்சின்போது ஹார்னின் தந்தை எம்.ஜி.எம். ஸ்டுடியோத் தலைவர் லூயி பி. மேயரின் அறைக்கே போய், வேலைக்காரி வேஷத்துக்கு என் மகள் வரமாட்டாள், அவளுக்கு வேலைக்காரி வைத்துக்கொடுக்க எனக்கு வசதி இருக்கிறது என்ற பொருளில் பேசியதாக ஒரு கதை. கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற சங்கத்தின் செயலாளர் வால்டர் வைட்டும் அவர் பின்னால் இருந்தார். ஏவல் வேஷம் கிடையாது, காட்டுவாசி வேஷமும் கிடையாது என்று பிடிவாதம் பிடித்து வென்றார்கள். ஆனால் அன்றைய ஹாலிவுட்டில் அந்த இரண்டையும் கழித்தால் கறுப்பினப் பெண்ணுக்கு மிஞ்சும் இடம் எது? தூண்தான். அதே வேலைக்காரி வேஷங்களை நம்பிப் பிழைத்த சக நடிகர்கள் ஹார்னின் பிடிவாதத்தால் தங்கள் பிழைப்பு போய்விடுமோ என்று அவர்மீது கோபப்பட்டதும் நடந்தது. அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு வெற்றியும் ஒரு சண்டையும் இருக்கின்றன. அலங்காரம் என்று சொல்வதற்கு முன் இதையாவது படித்திருக்கலாம்.

1943இல் அவருக்கு இரண்டு படங்களில் பாத்திரங்கள் கிடைத்தன; இரண்டும் முழுக்கக் கறுப்பின நடிகர்களே நடித்தவை. வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய முதல் படமான ‘கேபின் இன் தி ஸ்கை’யில் ஜார்ஜியா பிரௌனாக வந்தார். அதில் குமிழி நுரைத் தொட்டியில் அமர்ந்து அவர் பாடிய ஒரு பாட்டைப் படம் வெளிவருமுன் ஸ்டுடியோவே வெட்டிவிட்டது. 1994இல் வந்த ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ மூன்றாம் தொகுப்பில் அந்தக் காட்சி உயிர்பெற்றது. தொகுத்து வழங்கியவர்களில் ஹார்னும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

மற்றது, ஃபாக்ஸ் நிறுவனம் இரவல் வாங்கி எடுத்த ‘ஸ்டார்மி வெதர்’. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழில் கவிதைகளுக்கு இடமிருக்காது, ஆனாலும் கொஞ்சம். மொத்தம் எழுபத்தெட்டு நிமிடம். கதை என்று சொன்னால் கதைக்கே கூச்சம் வரும். ஆனால் நடனக்காரர் பில் ராபின்சன் இருக்கிறார். ஃபேட்ஸ் வாலர் புருவத்தை உயர்த்திக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார். அந்த வருடம் டிசம்பரிலேயே இறந்துபோனார். பாடகர் கேப் கேலோவே இருக்கிறார். நிக்கலஸ் சகோதரர்கள் படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவி, இரு கால்களும் எதிரெதிரே விரிய இறங்கி, கை ஊன்றாமல் எழுந்து, அடுத்த படிக்குத் தாவுகிறார்கள். மொண்டாஜ் பற்றி இருபது வருடம் பேசிய கூட்டம் நாம். வெட்டே இல்லாமல் அந்த இரு உடல்கள் காலத்தைத் துண்டுபோடுவதைப் பார்த்தபிறகு சில நாட்கள் பேச்சே வரவில்லை.

அந்தப் படத்தின் தலைப்புப் பாடலை ஹார்ன் பாடும் இடத்தில் வெளியே மழை, சன்னலருகே அவர். காமிரா அவரைத் தாண்டித் தெருவுக்குப் போய், அங்கே ஒதுங்கி நிற்கும் கேதரின் டன்ஹாமின் நடனக் குழுவோடு ஒரு கனவுக்குள் புகுந்துவிடும். ஹார்ன் கைகளை அதிகம் அசைப்பதில்லை. வாய் அளந்து திறக்கிறது. கண்கள் மட்டும் எதையோ தர மறுக்கின்றன. அவரை அலங்காரம் என்பவர்கள் அந்த மறுப்பைப் பார்க்கவில்லை. 1933இல், பதினாறு வயதில், அவர் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் கூட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர் மட்டும் என்ற சட்டதிட்டம் அங்கே. அதே வருடம் அதே இடத்தில்தான் ஈதெல் வாட்டர்ஸ் இந்தப் பாட்டை முதலில் பாடிப் புகழ்பெற்றார். பார்க்கிறவனுக்கு எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுக்காமலிருப்பது என்பதை ஹார்ன் அந்த மேடையில் கற்றிருக்கவேண்டும். 1981இல் பிராட்வேயில் தனியாளாக நடத்திய நிகழ்ச்சியில் இதே பாட்டை ஒரே மாலையில் இரண்டு முறை பாடினார்: ஒருமுறை பழைய அடக்கத்தோடு, பிறகு இத்தனை வருடம் கொடுக்காமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டி. நடிப்பு என்பது வசனத்தை ஒப்பிப்பது என்று நினைப்பவர்களுக்கு இதை விளக்கமுடியாது.

யுத்தகாலத்தில் ஒரு ராணுவ முகாமில் பாடப்போனார். முன்வரிசையில் ஜெர்மானியப் போர்க்கைதிகள். அவர்களுக்குப் பின்னால் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள். மேடையைவிட்டு இறங்கி, கைதிகளைக் கடந்துபோய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம் ஆட்களுக்குப் பாடினார். யார் எங்கே நிற்பது என்பதைப் பற்றி அந்த ‘அலங்காரத்துக்கு’ ஒரு கோட்பாடு இருந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

‘ஷோ போட்’ விவகாரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் கட்டுரையாளர் தொடவில்லை. அந்த இசைநாடகத்தில் வரும் ஜூலி என்கிற பாத்திரம் கலப்பினப் பெண், வெள்ளைக்காரியாகவே வாழ்பவள், பிறப்பு தெரிந்தவுடன் படகிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். 1946இல் ‘டில் தி கிளவுட்ஸ் ரோல் பை’ படத்தின் தொடக்கத்தில் அந்த நாடகத்தின் சுருக்கம் ஒன்று வரும். அதில் ஹார்ன்தான் ஜூலி. ஒரு பாட்டு நேரத்துக்கு. 1951இல் எம்.ஜி.எம். முழுப்படமாக எடுத்தபோது ஜூலி வேஷம் ஏவா கார்ட்னருக்குப் போனது. இனக்கலப்பைத் திரையில் காட்டக்கூடாது என்று தயாரிப்பு விதிகள் சொல்லின. கறுப்பினப் பெண் வெள்ளைக்காரனை அணைத்தால் குற்றம். வெள்ளைக்காரி கறுப்பினப் பெண்ணாக நடித்து அணைத்தால் கலை. கார்ட்னர் நல்ல பெண், ஹார்னின் தோழி, தாமே பாடியும் பார்த்தார்; படத்தில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். ஹார்னுக்கென்று மாக்ஸ் ஃபாக்டர் தயாரித்த ஒப்பனைப் பூச்சையே கார்ட்னருக்குப் பூசினார்கள் என்று ஹார்ன் பிற்காலத்தில் சொல்வார். நிறம் அவருடையது, வேஷம் இன்னொருத்தியுடையது, குரல் மூன்றாமவருடையது. நீக்கத்தக்கவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

1950இல், கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று கலைஞர்கள்மீது குற்றஞ்சாட்டிய ‘ரெட் சேனல்ஸ்’ பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. இடதுசாரிப் பாடகர் பால் ராப்சனின் நட்பு அதற்குப் போதுமானதாக இருந்தது. திரைவாழ்க்கை அத்தோடு ஏறத்தாழ முடிந்தது.

ஏறத்தாழ என்றோம். 1969இல் ‘டெத் ஆஃப் எ கன்ஃபைட்டர்’ என்ற வெஸ்டர்ன் படத்தில் ரிச்சர்ட் விட்மார்க்கின் காதலியாக வருகிறார். விடுதி நடத்துபவள், இறுதியில் ஊர் மார்ஷலான அவரையே மணக்கிறாள். அவள் நிறத்தைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்த முறை அவரைக் கழற்றினால் கதை நொண்டும். இனி வேடிக்கை. இந்தப் படத்தை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார், பாதியில் விலக்கப்பட்டார், இன்னொருவர் முடித்தார், இருவரும் தங்கள் பெயரைப் போடச் சம்மதிக்கவில்லை. இல்லாத மனிதனொருவனின் பெயர் திரையில் வந்தது: ஆலன் ஸ்மிதி. பிறகு பல வருடம் ஹாலிவுட்டில் யாரும் உரிமைகோராத படங்களுக்கெல்லாம் தகப்பன் அந்த ஸ்மிதிதான். ஹார்னைக் கழற்றமுடியாத படத்தில் கழற்றப்பட்டவர் இயக்குநர். தொண்ணூறுகளில் ‘ஆசிரியனின் மரணம்’ பேசி ஆசிரியனைக் கூடிநின்று கொன்று, தேநீர் குடித்து, கட்டுரைத் தொகுப்பும் போட்டவர்கள், இன்று ‘இயக்குநரின் மாறாத பார்வை’ என்று பரிசுக்கட்டுரை எழுதும்போது இந்த ஸ்மிதியை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று அறிய ஆவல்.

சினிமாவை விடுங்கள். சிறுபத்திரிகைகளின் பழைய பைண்டுகளை எடுத்துப் பாருங்கள். தலித் இலக்கியச் சிறப்பிதழ், பெண்ணெழுத்துச் சிறப்புப் பகுதி, புலம்பெயர் சிறப்பிணைப்பு. பக்க எண்களைக்கூடச் சில இடங்களில் தனியாகப் போட்டிருப்பார்கள். அடுத்த இதழில் அந்தப் பெயர்களில் ஒன்றும் இருக்காது. விவாதப் பகுதியில் அவர்களுக்கு ஒரு வசனம் இருக்காது. மொழிபெயர்ப்புக் கோட்பாடு பற்றியோ சங்கக் கவிதை பற்றியோ அவர்களை யாரும் எழுதக் கேட்கமாட்டார்கள். அழைத்து, தூணருகே நிற்கவைத்து, பாடவைத்து, கைதட்டி அனுப்பிவிட்டு, ‘பிரதான ஓட்டத்தில் அவர்களுடைய பங்கு குறைவு’ என்று இன்னொரு சிறப்பிதழில் வருத்தப்படுவார்கள். வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் அதே ஆசிரியர் குழு. தூய சினிமா, தூய கவிதை, தூய இலக்கியம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய பெட்டியில் கொக்கி தளர்த்தப்படுகிறது. அதைச் செய்பவர்கள் தங்களை ரசனை விமர்சகர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இதழில் சிறப்புப் பகுதி எதுவும் இல்லை, அடுத்ததிலும் இருக்காது. ‘எங்களுக்கென்று ஒரு இணைப்பு போடுங்கள்’ என்று கேட்டு எழுதிய நண்பர்கள் படைப்புகளை அனுப்பலாம். அட்டையை அடுத்த முதல் பக்கத்திலிருந்தே இடமிருக்கிறது. மறுப்பு எழுதுகிறவர்களுக்குப் பக்கக் கட்டுப்பாடு கிடையாது. ‘ஸ்டார்மி வெதரை’ மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.